கட்டிய வீடும் காட்டிய வீடும்

(ஊரப்பாக்கத்தில் கூடிய நமது சங்க மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று யாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் மேடைக்குரிய அலங்காரம் உடையதன்று. கல்வியின் பெருமையைப் பற்றியோ ஒற்றுமையின் வலிமையைப் பற்றியோ பேசினால் செவிக்கு இனிமையாயிருக்கும். யாமோ வீட்டின்மேல் எடுத்துள்ள இன்ஷூரன்ஸ் பாலிஸியைப் பற்றிப் பேசப் போகின்றோம். நம்மவருட் பெரும்பாலார் ஆயுள் முழுதும் உழைத்துச் சேர்த்த பொருள் அத்தனையும் செங்கல்லும் சிமெண்டுமாக ஒரு மனையின்மேல் நிற்கின்றது. அப்பொருள் ஒரு நாள் இடிந்து விழுந்தால் அதை மீட்டுத்தருவதற்கென்று உள்ளது ஒரு காகிதந்தான். அக்காகிதத்தின் உயிர்நிலை எங்கே இருக்கின்றதென்று அறியாமல் அதைப் பீரோவில் வைத்துப் பூட்டுவதாற் பயனில்லை. ஆதலின் சிறிது நேரம் செவிசாய்க்குமாறு வேண்டுகின்றோம்.

யாம் சொல்லவந்தது ஒன்றே. சுவரை இடிக்குமுன், மாடி எழுப்புமுன், வீட்டைத் தூக்கி உயர்த்துமுன், அவ்வீட்டை இன்ஷூர் செய்துள்ள கம்பெனிக்கு எழுத்து மூலமாய்த் தெரிவித்து, அதன் சம்மதத்தையும் எழுத்து மூலமாய்ப் பெறவேண்டும் என்பதே அது. ஏனைய யாவும் இதன் விரிவேயாம்.

இவ்வூரில் இதைப் பேசவேண்டிய காரணம் யாது? செங்கற்பட்டுச் சீமை ஏரிகள் நிறைந்த சீமை. ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் மிகுநீர் சேர்ந்தே அடையாறு உருக்கொள்ளுகின்றது. ஏரிப் பாசனத்தில் விளைந்த நிலங்கள் பல மனைகளாயின. நீர் தன் பழைய வழியை மறக்கவில்லை. 2015ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில், நமக்கு வடக்கேயுள்ள தாம்பரத்தில் 49 செண்டிமீட்டரும் செம்பரம்பாக்கத்தில் 47 செண்டிமீட்டரும் மழை பெய்தது. முடிச்சூரும் வரதராஜபுரமும் வெள்ளக்காடாயின. ஊரப்பாக்கத்துத் தெருக்களிலும் நீர் புகுந்தது. அடுத்த ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள் வர்தா புயல் சென்னைக்கருகே கரை கடந்தது. 2022ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தினருகே கரையேறிற்று.

இவற்றைக் கண்ட குடும்பத்தார் என்ன செய்கின்றனர்? சிலர் தரையை மண்ணிட்டு உயர்த்துகின்றனர். சிலர் கீழ்த்தளத்தை வெள்ளத்துக்கு விட்டுவிட்டு மாடியிற் குடியேற எண்ணி மேலே கட்டுகின்றனர். வேறு சிலர், சென்னைப் புறநகரெங்கும் இந்நாளில் வழங்கும் முறைப்படி, சுவரை அஸ்திவாரத்தினின்று அறுத்து, வரிசையாக ஜாக்கிகளை முட்டுக்கொடுத்து, வீடு முழுவதையும் அங்குலம் அங்குலமாகத் தூக்கி, இடையே புதுச் செங்கற் சுவர் எழுப்பி அமர்த்துகின்றனர். 2023ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் கிளாம்பாக்கத்திற் புதிய பஸ் நிலையம் திறக்கப்பட்டபின், வாடகைக்கு விடும் எண்ணத்தால் மேல்தளம் எடுக்கும் ஆசையும் நம்மவரிடம் வளர்ந்துள்ளது. நீருக்கு அஞ்சிச் செய்வதாயினும், வருவாயை நாடிச் செய்வதாயினும், இவை யாவும் வீட்டின் எலும்பைத் தொடும் வேலைகள். வெள்ளை அடிப்பதும் கதவுக்கு வர்ணம் பூசுவதும் போன்றன அல்ல.

நிற்க. இன்ஷூரன்ஸ் என்பதன் இயல்பைச் சிறிது ஆராய்வோம். கடையிற் பொருள் வாங்குவோன் பொருளைக் கண்ணாற் கண்டு வாங்குகின்றான். இன்ஷூரன்ஸ் கம்பெனியோ, பெரும்பாலும் நம் வீட்டைக் கண்ணாற் காண்பதில்லை. நாம் எழுதிக்கொடுத்ததையே வீடாகக் கொண்டு, அதற்கு இவ்வளவு ஆபத்து உண்டு, இவ்வளவு பிரீமியம் வேண்டும் என்று கணக்கிடுகின்றது. ஆகவே வீடுகள் இரண்டு உள. ஒன்று நாம் கட்டிய வீடு. மற்றொன்று கம்பெனிக்கு நாம் காட்டிய வீடு. இவ்விரண்டும் ஒன்றாயிருக்குமளவுமே பாலிஸிக்கு வலிமை உண்டு. இரண்டும் வேறாகும்போது, பிரீமியம் ஒரு வீட்டுக்கும் இடிபாடு மற்றொரு வீட்டுக்குமாய் நிற்கும்.

இந்நீதி இன்று நேற்று தோன்றியதன்று. சுமத்ரா தீவில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியாருக்கு மார்ல்பரோ என்றொரு கோட்டை இருந்தது. அதன் தலைவராயிருந்த கார்ட்டர் என்பார், அந்நியப் பகைவர் கோட்டையைப் பிடித்தால் நஷ்டஈடு பெறும்படி லண்டனில் இன்ஷூரன்ஸ் செய்துவைத்தார். 1760ஆம் ஆண்டிற் பிரெஞ்சுக்காரர் கோட்டையைப் பிடித்தனர். கோட்டையின் பலவீனத்தை முன்னமே சொல்லவில்லையென்று காரணங்காட்டி, இன்ஷூர் செய்தவர் பணந்தர மறுத்தார். 1766ஆம் ஆண்டு மான்ஸ்பீல்டு பிரபு அவ்வழக்கிற் சொன்ன தீர்ப்பு இன்றளவும் நிற்கின்றது. ஆபத்தைப் பற்றிய உண்மைகள் பெரும்பாலும் இன்ஷூர் செய்துகொள்வோர் அறிவிலேயே அடங்கியிருத்தலின், அவர் அவற்றை மறைத்தலாகாது என்றார். அதனோடு, மற்றவர் தாமே அறிந்ததையும் அறிந்திருக்கவேண்டியதையும் சொல்லாமை குற்றமாகாது என்றும் கூறிக் கார்ட்டருக்கே வெற்றி அளித்தார். உண்மையுடைமை இருவர்க்கும் உரியதென்பது அத்தீர்ப்பின் கருத்தாகும். நமது சுப்ரீம் கோர்ட்டும் 2009ஆம் ஆண்டு, ஒரு மருத்துவ இன்ஷூரன்ஸ் வழக்கில், அறிவுடைய ஒரு கம்பெனி பாலிஸி கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வதைப் பாதிக்கக்கூடிய எவ்விஷயமும் முக்கியமானதே என்று வற்புறுத்தியது.

இனி நம் கையிலுள்ள பாலிஸியைப் பார்ப்போம். 2021ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் நாள் முதல், வீடுகளுக்கென்று பாரத் கிருஹ ரக்ஷா என்னும் பொதுப் பாலிஸி இந்நாட்டில் வழக்கத்துக்கு வந்தது. தீ, இடி, புயல், வெள்ளம், பூகம்பம் முதலிய பலவற்றுக்கும் அது காப்பளிக்கின்றது. நம் வீட்டின் கார்ப்பெட் ஏரியா என்னும் உட்பரப்பையும், கட்டுமானச் செலவையும் கொண்டு அதன் தொகை கணக்கிடப்படுகின்றது. அதனை 10 ஆண்டுவரையிலும் ஒருங்கே எடுக்கலாம். ஆண்டுதோறும் நூற்றுக்குப் பத்து வீதம் காப்புத்தொகை தானே உயரும். இங்கேதான் நம்மவர் ஏமாறுகின்றனர். தானே உயரும் அத்தொகை, சிமெண்டும் கம்பியும் விலை ஏறுவதற்கு ஈடாக வைத்தது. நாம் புதிதாய்க் கட்டிய மாடியை அது அறியாது. வீட்டுக்கடன் வாங்கும்போது ஒருமுறை கையொப்பமிட்டதோடு மறந்துவிடும் குடும்பத்தில், 10 ஆண்டுக்குள் மகனுக்குக் கல்யாணமாகி, ஓர் அறை கூடி, மாடி கூடி, கூரைமேற் சூரியசக்திப் பலகையும் ஏறிவிடும். பாலிஸியிலுள்ள வீடோ முதல் நாளில் இருந்தபடியே இருக்கும்.

வீட்டின் அமைப்பிற் கூட்டலோ மாற்றமோ விரிவோ செய்தால் கம்பெனிக்கு அறிவிக்கவேண்டுமென்பது அப்பாலிஸி நம்மேல் வைத்துள்ள கடமைகளுள் ஒன்று. அன்றியும், நிலம் அமுங்குதலாலும் சரிதலாலும் வரும் நஷ்டத்துக்குக் காப்பு உண்டெனினும், அவ்வமுங்கல் இடிப்பு வேலையாலோ, கட்டுமானத்தாலோ, அமைப்பு மாற்றத்தாலோ, பள்ளந் தோண்டியதாலோ நேர்ந்திருந்தால் காப்பில்லை. மண் கொட்டி மேடாக்கிய நிலம் இறங்குவதற்கும், குறைபாடுள்ள வேலைக்கும் அவ்வாறே காப்பில்லை. ஏரிக்கரையோரத்து மனைகளில் வாழும் நாம் இவ்வாசகத்தை ஒருமுறைக்கு இருமுறை படித்துக்கொள்ளுதல் நலம். இதற்கு முன் வழக்கிலிருந்த பழைய தீ பாலிஸியிலோ, ஆபத்து மிகும்படி கட்டடத்தின் நிலை மாறினாலும், கட்டடம் 30 நாளுக்கு மேல் ஆளின்றிக் கிடந்தாலும், கம்பெனியின் சம்மதத்தைப் பாலிஸியில் எழுதி வாங்காதவரை, அப்பகுதிக்குக் காப்பு நின்றுபோகும் என்ற நிபந்தனை இருந்தது. வீடு தூக்கும் காலத்தில் குடும்பத்தோடு உறவினர் இல்லத்துக்குப் பெயர்வோர் இக்கருத்தை மனத்திற் கொள்வாராக.

கம்பெனிக்கு இதில் என்ன கவலை என்று சிலர் கேட்கலாம். பழைய வீடுகள் பலவற்றில் தூண் கிடையாது. சுவரே கூரையைத் தாங்குகின்றது. கூடத்தை அகலமாக்க எண்ணி நடுச்சுவரை எடுப்போர், மேலேயுள்ள பாரத்தைத் தாங்கும் கையை எடுக்கின்றனர். மாடியின் பாரத்தையும் கணக்கிடுவோம். 600 சதுர அடிக்கு 5 அங்குல கனத்திற் கான்கிரீட் தளம் போட்டால், தளம் ஒன்றின் எடை மட்டும் 17 டன்னுக்கு மேலாகும். சுவரின் எடையும் மனிதர், தட்டுமுட்டுச் சாமான்களின் எடையும் வேறு. ஆயிரம் லிட்டர்த் தொட்டியின் நீர் ஒரு டன். ஒரு தளத்துக்கென்று போட்ட அஸ்திவாரத்தின்மேல் இப்பாரத்தை ஏற்றும்போது, மண்ணுக்கும் சுவருக்கும் உள்ள உறவே மாறிவிடுகின்றது. வீட்டை ஜாக்கியின்மேல் நிறுத்தியிருக்கும் நாட்களிலோ, அஸ்திவாரத்தினின்று அறுபட்டு நிற்கும் அவ்வீட்டுக்கு, முன்னிருந்த ஆபத்தும் அப்போதைய ஆபத்தும் ஒன்றாகா.

இவை வெறுங் கற்பனையல்ல. தென்கொரியாவின் தலைநகராகிய ஸியோலில் சம்பூங் என்னும் பெரிய கடைக்கட்டடம் 1995ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் நாள் இடிந்து 502 பேர் மாண்டனர். முதலில் வகுத்த நான்கு தளங்களுக்குமேல் ஐந்தாந் தளம் கூட்டியதும், தூண்களை மெலிதாக்கியதும் அவ்வழிவுக்குரிய காரணங்களுள் முக்கியமானவை. மும்பையின் காட்கோபரில் 2017ஆம் ஆண்டு ஜூலை 25ஆம் நாள் ஒரு நான்குமாடிக் குடியிருப்பு விழுந்து 17 பேர் இறந்தனர். கீழ்த்தளத்தில் நடந்த மாற்று வேலையே காரணமென்று குற்றஞ்சாட்டப்பட்டது. ஒருவர் தம் பகுதியில் இடித்த சுவர் பலர் தலைமேல் விழுந்தது. ஆகவே அறிவிப்பென்பது பணத்துக்காக மட்டும் அன்று. அறிவிக்கும்பொருட்டு ஓர் இஞ்சினீயரைக் கொண்டு பார்க்கும்போதே உயிரும் காக்கப்படுகின்றது.

இனி நம்மவர் சொல்லும் ஆட்சேபங்களை எடுத்துக்கொள்வோம்.

"சொன்னாற் பிரீமியம் கூடும்" என்பர் சிலர். கூடலாம். ஆனால் கூடும் பிரீமியத்தோடு இழக்கும் தொகையை ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். கணக்குக்காக ஒன்று சொல்வோம். 800 சதுர அடி வீட்டைச் சதுர அடி 2,500 ரூபாய் வீதம் 20 லட்சத்துக்கு இன்ஷூர் செய்த ஒருவர், 600 சதுர அடி மாடி கட்டினார். இப்போது வீட்டின் மதிப்பு 35 லட்சம். புயலால் 7 லட்சம் நஷ்டம் வந்தது. குறைவாய் இன்ஷூர் செய்ததற்கு விகிதப்படி குறைக்கும் நிபந்தனையுள்ள பாலிஸியாயின், 35க்கு 20 என்ற விகிதத்தில் அவருக்குக் கிடைப்பது 4 லட்சமே. மாடியை மறைத்ததாற் கீழ்வீட்டின் ஈடும் குறைந்தது! பாரத் கிருஹ ரக்ஷாவில் இவ்விகிதக் குறைப்பு இல்லை. எனினும் தொகை கணக்கிடப்பட்டது நாம் எழுதிக்கொடுத்த பரப்பைக் கொண்டே. எழுதாத மாடிக்கு அதில் இடமேது?

"யார் வந்து பார்க்கப்போகின்றார்கள்?" என்பர் வேறு சிலர். நஷ்டம் கேட்ட அன்று சர்வேயர் வருவார். அளவு நாடாவோடு வருவார். வீட்டுவரி ரசீதும், மின்சார மீட்டர்களும், பழைய படங்களும் பேசும். சிறு பொய்யாயின் மறையக்கூடும். ஒரு மாடியையே மறைப்பது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதன்றோ?

"கடன் கொடுத்த பாங்கி பார்த்துக்கொள்ளும்" என்பது மூன்றாவது. பாங்கி தன் கடனுக்கு ஈடாக உள்ளதையே நாடும். நாம் சுவரை இடித்தது அதற்கு எங்ஙனந் தெரியும்? அமைப்பு மாற்றத்தைக் கம்பெனிக்கும் பாங்கிக்கும் ஒருங்கே அறிவிப்பதே முறை.

நான்காவதொன்று உண்டு. அதை எவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. பிளான் அங்கீகாரம் இன்றிக் கட்டுகின்றோம், கம்பெனிக்கு எழுதினால் அது வெளிப்படுமே என்ற அச்சமே அது. உண்மையில் மற்ற மூன்றுக்கும் வேர் இதுவேயாம். இதற்கு மருந்து மௌனமன்று, அங்கீகாரம் பெறுவதே. 2024ஆம் ஆண்டு ஜூலை மாதம் தமிழ்நாட்டரசு, 2,500 சதுர அடிவரையுள்ள மனையில் 3,500 சதுர அடிவரை எழுப்பும் வீட்டுக்கு, உரியவர் தாமே சான்றளித்து இணையவழி அனுமதி பெறும் முறையைத் தொடங்கிற்று. அம்முறை தம் மனைக்குப் பொருந்துமா என்று முதலிற் கேட்டறிந்து, அனுமதியைக் கையிற் பெற்றபின் கடப்பாரையை எடுப்பாராக.

இனிச் செய்யவேண்டிய முறையைச் சுருங்கச் சொல்வோம். முதலாவது, வேலை தொடங்குமுன் ஓர் இஞ்சினீயரிடம் வீட்டைக் காட்டி, எந்தச் சுவர் பாரந் தாங்குவது, அஸ்திவாரம் எவ்வளவு தாங்கும் என்பதை எழுதி வாங்கவேண்டும். இரண்டாவது, பாலிஸியின் எண், வேலையின் விவரம், தொடங்கும் நாள், முடியும் நாள், செலவு, கண்டிராக்டரின் பெயர், அந்நாட்களில் வீட்டிற் குடியிருப்போமா இல்லையா என்பன குறித்துக் கம்பெனிக்குக் கடிதம் எழுதி, பிளானின் நகலை உடன்வைத்து, சேர்ந்ததற்கு அத்தாட்சி பெறவேண்டும். ஏஜெண்டிடம் வாய்ச்சொல்லாற் சொன்னது போதாது. மூன்றாவது, கம்பெனியின் சம்மதம் எண்டார்ஸ்மெண்டு என்னும் மேற்குறிப்பாகப் பாலிஸியோடு சேரவேண்டும். அது வருமட்டும் சுவரில் உளி படலாகாது. நான்காவது, வேலை நடக்கும் நாட்களில் வரும் விபத்துக்கு வீட்டுப் பாலிஸி பொறுப்பேற்குமா என்று வெளிப்படையாய்க் கேட்கவேண்டும். ஏற்காதாயின், கட்டுமானக் காலத்துக்கென்றே உள்ள கண்டிராக்டர்ஸ் ஆல் ரிஸ்க்ஸ் பாலிஸியைக் கண்டிராக்டர் எடுத்துள்ளாரா, பழைய வீடும் அண்டை வீடும் அதில் அடங்குமா, தொழிலாளர்க்குச் சட்டப்படி நஷ்டஈட்டு ஏற்பாடு உண்டா என்று அறியவேண்டும். ஐந்தாவது, வேலை முடிந்தபின் புதிய பரப்பை எழுதிக்கொடுத்துக் காப்புத்தொகையை உயர்த்தவேண்டும். வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களை வீட்டைவிட்டு வேறோர் இடத்தில் வைத்தல் நன்று.

அண்டை வீட்டாரையும் மறத்தலாகாது. நெருக்கமான மனைகளில் நம் பள்ளம் அவர் சுவருக்கருகே விழுகின்றது. அவர்க்கு முன்னறிவிப்புக் கொடுத்து, அவர் சுவரில் ஏற்கெனவே உள்ள விரிசல்களை இருவரும் கூடிக் குறித்துக்கொண்டால், பின்னாற் பஞ்சாயத்துக்கு இடமிராது.

கம்பெனிக்கு மட்டும் பரிந்து பேசினோம் என்று எண்ணவேண்டா. அதற்கும் கடமை உண்டு. உண்மையைச் சொல்லியும், தகுந்த காரணமின்றி ஈட்டை மறுத்தாலோ குறைத்தாலோ, மௌனமாய் இருத்தலாகாது. செய்த மாற்றத்துக்கும் வந்த நஷ்டத்துக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லையாயின் அதனை எடுத்துக்காட்டவேண்டும். முதலிற் கம்பெனிக்கே முறையீடு எழுதி, ஒரு மாதத்துக்குள் விடை வாராவிடினும், வந்த விடை திருப்தியளிக்காவிடினும், சென்னையிலுள்ள இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மனிடம் ஓராண்டுக்குள் மனுச்செய்யலாம். அதற்குக் கட்டணம் இல்லை. ஆனால் அங்கே நம் பக்கம் நின்று பேசுவது எது? முன்னமே எழுதிய கடிதமும் அதற்குப் பெற்ற அத்தாட்சியுமே. மாற்றத்தை மறைத்தவர்க்கு வழக்கறிஞரும் துணையாதல் அரிது.

அன்பர்களே! நாம் மனைகோலும்போது நாள் பார்க்கின்றோம். வாசற்கால் வைக்கும்போது மஞ்சளும் குங்குமமும் இடுகின்றோம். பெரியோரை அழைத்து ஆசி பெறுகின்றோம். இவற்றுக்கெல்லாம் நேரமுண்டு. ஒரு கடிதம் எழுத நேரமில்லை என்பது பொருந்துமா? வெள்ளம் வருமுன் அணை கோலவேண்டும் என்பது நம் முன்னோர் மொழி. வெள்ளம் கண்ட ஊரிலிருந்து இதனைச் சொல்லுகின்றோம்.

நம் சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம். ஆங்கிலத்தில் அச்சான பாலிஸியைப் படித்தறிய இயலாதோர் நம்முள் இன்னும் பலர் உளர். தந்தையார் பெயரிலிருந்த பாலிஸியின் இருப்பிடமே அறியாத விதவைகளும் உளர். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, படித்த இளைஞர் இருவர் சங்கக் கட்டடத்தில் அமர்ந்து, வருவோரின் பாலிஸியைத் தமிழில் விளக்கிச் சொல்லி, அறிவிப்புக் கடிதம் எழுதிக்கொடுத்தால், அது பெரிய தருமமாகும். சங்கக் கட்டடத்துக்கு மேல்தளம் எடுக்கும் யோசனையும் நிர்வாகிகளிடம் உள்ளதென்று கேள்விப்படுகின்றோம். முதற் கடிதம் அதற்கே எழுதப்படுமாயின் ஊராருக்கும் நல்ல வழிகாட்டியாகும்.